நெருஞ்சியின் நிலம்

சங்கச் செய்யுட்களில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை மிகப் பல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் பகுப்பும், அவற்றுக்குரிய முதல், கரு, உரிப்பொருள்களும் பாடசாலை மாணவருக்குமே மனப்பாடமானவை. பரீட்சையில் ஒரு செய்யுள் தரப்படுமாயின், அதில் வரும் பூவின் பெயரைப் பற்றிக்கொண்டு திணையைச் சொல்லிவிடலாம் என்ற துணிவு எம்மிற் பலருக்கு உண்டு. இத்துணிவினால் விளைந்த பயன் ஒருபுறமிருக்க, இழப்பும் ஒன்று நேர்ந்துள்ளது. செடியின் பெயரைக் கண்டதும் அட்டவணையை நாடும் பழக்கமானது, அச்செடி எங்கே, எத்தகைய மண்ணில், எவர் காலடியில் வளர்கின்றது என்ற வினாவை எழுப்பாமலே விட்டுவிடுகின்றது.

அவ்வினாவை ஒரேயொரு செடியை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்செடி நெருஞ்சி. எந்தத் திணைக்கும் பெயர் கொடுத்த பெருமை அதற்கில்லை. தலைவனோ தலைவியோ அதனைச் சூடியதில்லை. போருக்குச் செல்லும் மறவர் அதனை அடையாளமாக அணிந்ததுமில்லை. ஆயினும் குறுந்தொகை, அகநானூறு, புறநானூறு, பட்டினப்பாலை, திருக்குறள் ஆகியவற்றில் அது இடம்பெறுகின்றது. இடம்பெறும் போதெல்லாம், பாராட்டப்பட்ட பல பூக்கள் செய்ய முடியாத ஒன்றைச் செய்கின்றது. அது யாதென அறிய, முதலில் செடியையும் அது வாழும் மண்ணையும் பார்த்தல் வேண்டும்.

செடியும் மண்ணும்

இங்கு நாம் குறிப்பது சிறுநெருஞ்சியையே. யானை நெருஞ்சி, பெருநெருஞ்சி என்று வழங்கப்படுவது வேறோர் இனம். அதற்கும் மஞ்சட் பூ உண்டு, முட்காயும் உண்டு. ஆயின் அது தடித்து நிமிர்ந்து வளர்வது. அதன் இலைகளை நீரிலிட்டு அலைத்தால் நீர் முட்டை வெண்கருபோலக் கொழகொழக்கும். நெருஞ்சியைச் சொல்லும் பழம் புலவர், அதன் இலையையோ பூவையோ சிறிது என்று அடைகொடுத்துச் சொல்வது சிறுநெருஞ்சிக்கே பெரிதும் பொருந்துவதாகும்.

சிறுநெருஞ்சி நிலத்தோடு நிலமாகப் படர்வது. ஒரே வேர்த்தலையிலிருந்து தண்டுகள் நாற்புறமும் கதிர்போலப் பிரிந்து, வெறுந்தரையில் ஒரு வட்டப் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். ஒவ்வோர் இலையும் இணையிணையான சிற்றிலைகளாகப் பகுபட்டு, மென்மயிர் போர்த்திருக்கும். இலைக்கக்கத்தில் தனித்தனியாக ஐந்து இதழ்களையுடைய மஞ்சட் பூ மலரும். காலையில் விரியும் பூ வெயில் ஏறி மாலை சாயுமுன்னர் குவிந்துவிடும். மழைக்குப் பின் முளைத்துச் சில கிழமைகளிற் பூத்து, அடுத்த சில கிழமைகளிற் காய்த்து, வறட்சி முதிருமுன் தன் வாழ்வை முடித்துக்கொள்ள வல்லது இச்செடி.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நெருஞ்சியின் தண்டிலே முள் இல்லை. இலையிலும் இல்லை. முள் இருப்பது காயில் மட்டுமே. பூவின் நடுவிலிருந்த சூலகமே முதிர்ந்து, ஐந்து துண்டுகளாகப் பிளவுறும் காயாகின்றது. ஒவ்வொரு துண்டிலும் இரு நீண்ட முட்கள் உள. துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். மிதிக்கும் காலோடும், மாட்டின் குளம்போடும், இக்காலத்திற் சைக்கிள் ரயரோடும் அது இடம்பெயரும். செடியின் அறிவியற் பெயரின் முற்பகுதியான 'திரிபுலஸ்' என்ற இலத்தீன் சொல், குதிரைப் படையைத் தடுப்பதற்கென நிலத்தில் வீசப்பட்ட நாற்கூர் இரும்புக் கருவியையும் குறித்த சொல்லாகும். மேற்றிசையாரும் இச்செடியைக் கண்ணால் மட்டுமன்றிக் காலாலும் அறிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

இனி அதன் வாழிடம். நெருஞ்சி நிழலைத் தாங்காது. அடர்ந்த காட்டிலோ உயர்ந்த புல்லிடையிலோ அது நிலைக்காது. நீர் தேங்கும் வயலும் அதற்கு ஆகாது. திறந்த வெயிலும், நீர் வடியும் வறண்ட மண்ணும், வேறு செடிகள் இன்னும் மூடாத வெறுந்தரையும் அதற்கு வேண்டும். இத்தகைய தரை பெரும்பாலும் மனிதராலும் மந்தைகளாலும் உண்டாக்கப்படுவது: வழியோரம், பட்டி, களம், முற்றம், மன்றம், அறுவடையான மேட்டுக்காணி. எனவே நெருஞ்சியைக் காட்டுச் செடி என்று சொல்வது ஒருவகையிற் பிழையாகும். எவரும் விதைப்பதில்லை என்ற அளவிலேயே அது காட்டுச் செடி. வாழுமிடத்தை நோக்கினால், அது மனிதரின் காலடியைத் தொடர்ந்து வரும் செடியாகும். இவ்வுண்மையை மனங்கொண்டு செய்யுட்களிடம் மீளுவோம்.

பூவே முள்ளாதல்

அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 202ஆம் செய்யுள் ஐந்தே அடிகளைக் கொண்டது. பரத்தையிடம் சென்று மீண்ட தலைவனுக்காகத் தூது வந்த தோழியிடம், தலைவி வாயில் மறுத்துக் கூறுவது. தன் நெஞ்சு நோகின்றது என்ற கூற்று இவ்வைந்து அடிகளுக்குள் மும்முறை வருகின்றது. அக்கூற்றுக்களின் நடுவே அமைந்திருப்பது நெருஞ்சி பற்றிய உவமை: கண்ணுக்கு இனிதாய் இருந்த புதுப்பூ பின்னர் முள்ளைத் தந்தாற்போல, முன்பு இனியன செய்த காதலர் இப்போது இன்னாதன செய்கின்றார்.

வகுப்பறைகளில் இச்செய்யுள் விளக்கப்படும்போது நாம் அடிக்கடி கேட்பது, 'ஒரே செடியில் அழகிய பூவும் கொடிய முள்ளும் இருப்பதுபோல ஒரே தலைவனிடத்தில் இனிமையும் கொடுமையும் உள்ளன' என்பதாகும். இவ்விளக்கம் எழுதுமேசையிற் பிறந்தது. பூவும் முள்ளும் அருகருகே இருக்கும் செடிதான் புலவருக்கு வேண்டியதென்றால், தாழை உண்டு, முண்டகம் உண்டு. அவை சங்கச் செய்யுட்களுக்குப் புதியனவுமல்ல. அச்செடிகளில் முள் தொடக்கத்திலிருந்தே முள்தான். பறிக்கப் போகின்றவர் முன்கூட்டியே எச்சரிக்கை பெறுகின்றார். நெருஞ்சியில் அவ்வெச்சரிக்கை இல்லை. பூத்திருக்கும் வேளையில் இளஞ்செடியெங்கும் தேடினாலும் முள்ளைக் காண இயலாது. பின்னர் வரும் முள் வேறிடத்திலிருந்து வந்ததுமன்று. பூ இருந்த அதே இடத்தில், அதே பூவிலிருந்து பிறந்தது. எனவே உவமையின் உயிர் பூவும் முள்ளும் சேர்ந்திருப்பதில் இல்லை. காலத்தால் நேரும் மாற்றத்தில் உள்ளது. தலைவி தன் அறியாமையை நொந்துகொள்ளவும் இடமில்லை. அன்று அவள் கண்டது பொய்யன்று; அது உண்மையான பூவே. அப்பூவே இன்று முள்ளாயிற்று. நெஞ்சு மும்முறை நோவதற்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டுவதில்லை.

மற்றுமொன்று. கண்ணுக்கு இனியதாக இருந்தது என்று பூவைச் சொன்ன புலவர், முள் எதனை வருத்தும் என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. நெருஞ்சி முள் தைப்பது காலில். இன்பம் கண்ணோடு நின்றது. துன்பம் நடையையே தடுக்கின்றது. நாள்தோறும் புழங்கும் இடத்தில் முள் பரந்தபின் அங்கே எப்படி நடமாடுவது என்ற வினாவே, வாயில் மறுத்தலின் உள்ளே ஒலிக்கின்றது.

இச்செய்யுளின் திணை மருதம். ஊடல் உரிப்பொருளாதலின் அது முறையே. ஆயின் நெருஞ்சி வளரும் நிலமாகப் புலவர் குறிப்பிடுவது புன்புலத்தை. வரகும் தினையும் விளையும் மேட்டு வறுநிலம் அது. நீர் வளம் மிக்க வயலும் பொய்கையும் மருதத்தின் காட்சிகளாக இருக்க, நன்முல்லையார் அவற்றை நீக்கிவிட்டுப் புன்புலத்தை ஏன் கொணர்ந்தார்? இதனைத் திணைமயக்கம் என்று பெயரிட்டு அப்பாற் செல்லலாம், அவ்வாறு செல்வோருமுண்டு. பெயரிடுவது விளக்கமாகாது. நீர் நிறைந்த வயலில் நெருஞ்சி முளைக்காது. வளம் பொருந்திய மனையிலிருக்கும் தலைவி, தன் வாழ்வு வளர்ந்த நிலம் உண்மையில் புன்புலமாகவே இருந்தது என்று இப்போது காண்கின்றாள். ஊரார் கண்ணுக்கு மருதம்; அவள் காலுக்குப் புன்புலம். திணையின் அட்டவணைக்கும் செடியின் வாழிடத்துக்கும் உள்ள இம்முரணே செய்யுளின் வலிமை என்பது எமது கருத்தாகும்.

திருவள்ளுவரும் இச்செடியைக் காலோடு சேர்த்தே நினைக்கின்றார். அனிச்ச மலரும் அன்னத்தின் இறகும்கூட இவள் அடிகளுக்கு நெருஞ்சியாக உறுத்தும் என்ற கருத்துடைய 1120ஆம் குறளில், அவர் முள் என்ற சொல்லை ஆளவில்லை; பழம் என்ற சொல்லையே ஆளுகின்றார். முள் என்பது இச்செடியின் கனியே அன்றி வேறில்லை என்ற தெளிவு அதிலுண்டு. பழம் என்றவுடன் இனிமையை எதிர்பார்க்கும் எமது மனம், நெருஞ்சி என்ற அடையினாற் சட்டெனத் துணுக்குறுகின்றது. நன்முல்லையார் ஐந்தடியில் விரித்த முரணை வள்ளுவர் இரு சொற்களில் முடித்துவிடுகின்றார்.

ஞாயிற்றை நோக்கும் பூ

நெருஞ்சிப் பூ ஞாயிற்றை நோக்கி நிற்பது என்பது பழம் புலவர் பலர் கண்ட செய்தி. இதனை மதுரை வேளாதத்தனார் குறுந்தொகை 315ஆம் செய்யுளில் தலைவியின் கூற்றாக அமைக்கின்றார். தலைவன் ஞாயிறு போன்றவன்; அவள் தோள்கள் நெருஞ்சி போன்றன. தலைவன் ஓங்கிய மலைநாட்டுக்கு உரியவன் என்பது செய்யுளில் முன்னரே கூறப்படுகின்றது. மலை உயர்ந்தது, ஞாயிறு அதனினும் உயர்ந்தது, நெருஞ்சியோ நிலத்தைவிட்டு எழ மாட்டாதது. இவ்வுயர்வு தாழ்வைக் கண்டபின், இதனை வெறும் காதற் பற்றின் உவமை என்று கொள்ள மனம் ஒப்பவில்லை. நிழலைத் தாங்க முடியாத செடிக்கு ஞாயிறு விருப்பத்துக்குரிய பொருளன்று. அது இன்றேல் வாழ்வில்லை. தன்னால் எட்ட முடியாத ஒன்றைச் சார்ந்தே உயிர்வாழும் நிலையைத் தலைவி தன் வாயாற் கூறுகின்றாள். அதில் அன்பும் உண்டு. அன்பின் உள்ளே அடங்கிய அச்சமும் உண்டு.

இதே செய்தியைப் பாவைக்கொட்டிலார் அகநானூறு 336ஆம் செய்யுளிற் பயன்படுத்தும் முறை முற்றிலும் மாறானது. அங்கு பேசுபவள் பரத்தை. ஞாயிற்றோடு சுழலும் நெருஞ்சிபோலத் தலைவன் என்னோடு சுழலாவிட்டால் என் வளைகள் உடைந்து போகட்டும் என்று அவள் வஞ்சினம் கூறுகின்றாள். இங்கு ஞாயிறு பெண். தரையிற் கிடக்கும் நெருஞ்சி ஆண். முந்திய செய்யுளில் குலமகளுக்கு உரியதாயிருந்த சார்புநிலை, இங்கே தலைவன்மேல் ஏற்றப்படுகின்றது. மனைவி இவ்வாறு பேசுதல் மரபன்று. மரபின் வேலிக்கு வெளியே நிற்பவளுக்கே உவமையைத் தலைகீழாக்கும் உரிமை கிடைக்கின்றது. அக்காலச் சமுதாயத்தில் ஆண் பெண் உறவு அமைந்திருந்த ஏற்றத்தாழ்வை ஆராய விரும்புவோர், இவ்விரு நெருஞ்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பாழின் நெருஞ்சி

அகத்திலிருந்து புறத்துக்கு வருமிடத்து நெருஞ்சியின் நிலம் இன்னும் தெளிவாகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை விரித்துரைத்தபின், கரிகாலனின் பகைவர் நாடு அடைந்த கேட்டைப் பாடுகின்றார். அங்கே பெருவிழாக்கள் நடந்து ஓய்ந்துபோன மன்றத்தில் நெருஞ்சியும் அறுகும் அடர்ந்து கிடக்கின்றன. இதனை அரசனின் வெற்றிச் சிறப்பாகவே உரைப்பது வழக்கம். பாடியவரின் நோக்கமும் அதுவாகவே இருக்கலாம். ஆயின் அவர் தேர்ந்த செடிகள் அவர் நோக்கத்தையும் மீறிப் பேசுகின்றன.

பாழ்பட்ட மனைகளிற் படரும் பீர்க்கினையும் சங்கப் புலவர் அறிவர். பீர்க்குக்கு ஏறுவதற்குச் சுவரும் கூரையும் வேண்டும். நெருஞ்சிக்கு வேண்டியது வெறுந்தரை. மன்றத்தின் தரையை அவ்வாறு வெறுமையாக்கி வைத்தவர் யார்? தலைமுறை தலைமுறையாக அங்கே கூடியவர்களும் ஆடியவர்களுமே. அவர்கள் இருந்தவரை, ஓயாது நடந்த கால்களே செடியை முளையிற் சிதைத்தன. அவர்கள் போனபின், அக்கால்கள் இறுக்கி வைத்த அதே தரையில் நெருஞ்சி தடையின்றிப் படர்ந்தது. அறுகும் அத்தகையதே, மிதிபட்ட, மேயப்பட்ட திறந்த வெளியே அதற்கும் உரியது. ஆகவே மன்றத்து நெருஞ்சி ஆளின்மையை மட்டும் காட்டவில்லை; அங்கே ஆள்கள் இருந்ததையும் காட்டுகின்றது.

இன்னும் ஒருபடி மேலே செல்லலாம். கைவிடப்பட்ட தரையில் நெருஞ்சி நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பற்றைகளும் மரங்களும் எழுந்து நிழல் மூட, அது அழிந்துவிடும். எனவே மன்றத்தில் நெருஞ்சி காணப்படுவது, பாழ் இன்னும் பழையதாகவில்லை என்பதற்குச் சான்றாகும். விழா முடிந்து நெடுநாளாகவில்லை. தரையில் மக்களின் காலடி இன்னும் உள்ளது. புலவர் காட்டுவது நெடுநாட் காட்டை அன்று; ஆறாத புண்ணை. வெற்றியைப் பாட வந்தவரின் கண், தோற்றவர் முற்றத்தில் ஒருகணம் நின்றுவிடுகின்றது.

மோசிகீரனார் கொண்கானங்கிழானைப் பாடிய புறநானூறு 155ஆம் செய்யுளில், பாழூரின் நெருஞ்சிப் பூக்கள் எழும் ஞாயிற்றை எதிர்கொள்வதுபோல, வறிய புலவரின் உண்கலங்கள் அவ்வள்ளலின் மார்பை நோக்கி நிற்கின்றன என்ற கருத்து வருகின்றது. விரிந்த சிறு பூ வெறும் உண்கலம்போல இருக்கும் என்பது பார்த்தவர்க்கு விளங்கும். ஆயின் அது பாழூரின் பூவாக இருக்க வேண்டியது ஏன்? ஞாயிற்றை நோக்கும் தன்மை எவ்விடத்து நெருஞ்சிக்கும் பொதுவானதன்றோ? புலவர்க்கு ஊர் இல்லாமையே இதற்கு விடை. உண்பதற்கு ஏதுமற்ற இடத்திலிருந்து அவர்கள் புறப்பட்டு வருகின்றார்கள். பாழூர் என்னும் அடைமொழி வள்ளலின் புகழுக்கு எதனையும் கூட்டவில்லை. பாடுவோரின் நிலையையே கூறுகின்றது. புகழ்ச்சிப் பாட்டினுள் ஒளிந்திருக்கும் இவ்வறுமையைச் செடியின் வாழிடமே எமக்குக் காட்டித் தருகின்றது.

ஒரு வளவு

இவ்வாறு படிப்பதற்கு எமக்குக் கற்பித்தது நூலன்று என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளல் முறையாகும். எங்கள் தாய்வழிக் குடும்பம் வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆனி மாதத்தில் இடம்பெயர்ந்தது. அக்காணி 2018இல் விடுவிக்கப்பட்டபோது நான் பாடசாலை மாணவன். அம்மம்மாவோடு முதன்முறை அங்கு சென்றவேளை, பட்டினப்பாலையின் அப்பகுதியை நான் அறிந்திருக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கின்றேன்: அங்கே அன்று நெருஞ்சி ஒன்றேனும் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளில் வேம்பும் வடலியும் நாயுண்ணிப் பற்றையும் வளவை மூடியிருந்தன. கூரையற்ற சுவரை ஓர் ஆலமரம் பற்றிப் பிடித்திருந்தது. கிணற்றடியைக் கண்டுபிடிக்கவே நெடுநேரம் சென்றது. படலை இருந்த இடம் இதுவா அதுவா என்று அம்மம்மாவும் அவர் தம்பியாரும் வாதிட்டனர்.

பின்னர் பற்றைகள் வெட்டப்பட்டன. இயந்திரம் கொண்டு தரை மட்டமாக்கப்பட்டது. அவ்வாண்டு மாரி மழை பெய்து ஓய்ந்தபின், தை மாதத்திற் காலைவேளை ஒன்றில் மீண்டும் சென்றோம். முற்றம் இருந்த இடத்தில் செம்மண்மேல் வட்டம் வட்டமாக நெருஞ்சி படர்ந்து பூத்திருந்தது. செருப்பைப் படலையடியிற் கழற்றிவிட்டு நடந்த அம்மம்மாவின் காலில் முள் தைத்தது. அவர் அங்கேயே குந்தியிருந்து அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இது ஆக்கள் புழங்குற இடத்திலதான் வரும்" என்றார். அதில் வருத்தம் இருந்ததாக எனக்குப் படவில்லை. சிறுவயதில் எத்தனையோ முறை அந்த முற்றத்தில் முள் தைத்த காலைப் பற்றியும், அதற்காகத் தம் தாயார் ஏசியதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே நடந்தார்.

பல்கலைக்கழகம் வந்து பட்டினப்பாலையைப் படித்தபோது, அப்பகுதிக்கு உரை சொன்னவர்களின் கூற்றில் எனக்கு ஏற்பட்ட முதல் ஐயம் இங்கிருந்தே பிறந்தது. நெருஞ்சி பாழின் அடையாளம் என்று அவர்கள் கூறினர். எங்கள் வளவில் அது பாழ் முடிந்ததன் அடையாளமாக வந்தது. இவ்விரண்டில் எது சரி? இரண்டுமே சரி என்பதை மண் விளக்குகின்றது. மனிதர் விட்டுச் சென்ற முதல் ஆண்டுகளிலும் மனிதர் திரும்பிவரும் முதல் ஆண்டுகளிலும் தரை ஒரே நிலையில் இருக்கின்றது: வெறுமையாக, வெயிலுக்குத் திறந்து. நெருஞ்சி இவ்விரு வாயில்களிலும் நிற்கும் செடி. நடுவிலுள்ள நீண்ட காலம் காட்டுக்கு உரியது.

ஓர் ஆட்சேபம்

இவ்வகை வாசிப்புக்கு எதிராக எழக்கூடிய ஆட்சேபம் ஒன்றை ஆராயாமல் விடுதல் நேர்மையாகாது. சங்கச் செய்யுட்கள் வாய்மொழிப் பாணர் மரபில் எழுந்தவை என்றும், வாய்பாடுகளையும் அடிக்கருத்துக்களையும் திரும்பத் திரும்ப ஆளுபவை என்றும் பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளிவந்த தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய தமது ஆங்கில நூலில் விரிவாக நிறுவ முயன்றார். அவ்வாறாயின், பாழ் என்றதும் நெருஞ்சியும், நெருஞ்சி என்றதும் ஞாயிறும் வருவது வெறும் வாய்பாடாக இருத்தல் கூடாதா? புலவர் செடியை நேரிற் பார்த்தார் என்று கொள்ள வேண்டியதில்லையே என்று கேட்கலாம்.

வாய்பாடு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் வாய்பாடும் எங்கோ ஒருவர் கண்டதிலிருந்தே தொடங்குகின்றது. அது நிலைப்பதும், கேட்போர் தம் அனுபவத்தோடு அதனை ஒப்பிட்டு ஏற்றுக்கொள்வதனாலேயே. மன்றத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்கள் காலில் நெருஞ்சி முள் தைத்தவர்கள். பூவிலே முள் பிறக்கும் என்றதும் அவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. விளக்கம் எமக்கே வேண்டியிருக்கின்றது. ஏனெனில் நாம் செடியை உரைநூலின் அடிக்குறிப்பில் மட்டும் சந்திக்கின்றோம். மேலும், வாய்பாடு என்பது எல்லாவிடத்தும் ஒரே பொருளைத் தருவதன்று என்பதையும் கண்டோம். வேளாதத்தனாரின் தலைவிக்கும் பாவைக்கொட்டிலாரின் பரத்தைக்கும் செய்தி ஒன்றே. அவர்கள் அதனைக் கொண்டு செய்வது வெவ்வேறு.

இன்னொரு புறத்தில், தாவரவியலைக் கொண்டு செய்யுளை அளந்துவிடலாம் என்ற மயக்கமும் கூடாது. பி. எல். சாமி போன்றோர் சங்க நூல்களில் வரும் செடிகொடிகளை இனங்கண்டு கூறிய பணி பெரிது. தனிநாயகம் அடிகள் நிலத்தையும் கவிதையையும் இணைத்து நோக்கும் வழியை உலகறியச் செய்தார். அவர்கள் இட்ட அடித்தளத்தின்மேல் நாம் கேட்க வேண்டிய அடுத்த வினா, இச்செடி எது என்பதோ எத்திணைக்கு உரியது என்பதோ அன்று. இச்செடி இங்கே முளைத்திருப்பதால் இந்நிலத்துக்கு என்ன நேர்ந்திருக்கின்றது என்பதாகும். நெருஞ்சியைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை எப்போதும் மனிதரைப் பற்றியதாகவே உள்ளது. குறிஞ்சித் தலைவியும் மருதத் தலைவியும் பரத்தையும் வறிய பாணரும் தோற்ற நாட்டு மக்களும் இச்செடியைப் பகிர்ந்துகொள்வது தற்செயலன்று. அதற்குத் தனித் திணை இல்லாமைக்குக் காரணம், ஐந்து நிலங்களிலும் மனிதர் நடந்து தேய்த்த தரை என ஒன்று இருப்பதே. அத்தரையே நெருஞ்சியின் நிலம்.

சங்க இலக்கியத்தை ஆராய்வோர் நூலகத்தில் அமர்வது இன்றியமையாதது. அதனோடு, தை மாதத்துக் காலை வேளையில் ஒருமுறையேனும் வெறுங்காலோடு மேட்டுக்காணியில் நடப்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படல் வேண்டும். எங்கள் முற்றத்து நெருஞ்சி இப்போது பெரும்பாலும் இல்லை. அங்கே வீடு எழுந்துள்ளது, தரை நாள்தோறும் கூட்டப்படுகின்றது, பேரப்பிள்ளைகள் ஓடுகின்றனர். வேலியோரத்தில் மட்டும் சில செடிகள் எஞ்சியுள்ளன. அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அம்மம்மா ஒவ்வொரு முறையும் சொல்கின்றார். இதுவரை பிடுங்கவில்லை.